முப்பிடாதிக்கு நேரே பூஜ்யம்

அந்தப் பக்கம் ஏன் அசைய மாட்டேன் என்கிறது? மணி மூன்று பத்து ஆகிவிட்டது, ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், இன்னும் ஒரு நாள் பாடம் அப்படியே கிடக்கிறது, இந்தப் பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று கனகலட்சுமி லேப்டாப்பை முறைத்தாள். முறைத்து என்ன செய்ய, அதற்கா உறைக்கும்? ‘மூன்றாம் நாள்: கூட்டாஞ்சோறு’ என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே ரிஸ்வானா எழுதுகிற இடத்தைக் காட்டும் பச்சைக் கோடு மட்டும் மினுங்கி மினுங்கி நிற்கிறது, அரைமணி நேரமாக ஓர் எழுத்து விழவில்லை. பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ இருக்கிற மூன்று பெண்கள் ஒரே பக்கத்தில் எழுதுவதைக் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. மழலையர் கல்வி டிப்ளமோ, எல்லாம் ஆன்லைனில். குழு வழிகாட்டி என்று அவளுக்குப் பெயர். பார்க்கலாம், தட்டிக்கொடுக்கலாம், யார் எதை எழுதுவது என்று பிரித்துக்கொடுக்கலாம், ஆனால் பக்கத்தில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. “ஒத்தாசை பண்ணுங்க மேடம், கை வைக்காதீங்க” என்று பயிற்சியில், இந்தப் படிப்பை நடத்துகிற வரதன் சார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கை வைக்காமல் ஒத்தாசை பண்ணுவதாம், முங்காமல் குளிப்பது மாதிரி. ஆனாலும் அவள் பண்ணினாள், குறை சொல்ல முடியாது. நாலு வண்ணத்தில் அட்டவணை போட்டு, ஆளுக்கு இரண்டு நாள் பாடம் என்று பிரித்து முதல் நாள் வீடியோவில் காட்டினாள். மூன்று பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதோடு சரி. பேசிக்கொள்வதற்கென்று கொடுத்த இடத்தில் மூன்று வாரமாக ஈ ஆடவில்லை. மேலே தொட்டிக்கு மோட்டார் போட்டது நினைவு வந்தது, போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு, பத்து நிமிஷமா, இருபதா, நிறையட்டும், இதை விட்டு எழுந்தால் அந்தப் பச்சைக் கோடு எங்காவது ஓடிவிடுமோ என்று ஒரு பயம், அசட்டுப் பயம்தான்.

பேருக்கு நேரே ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை உண்டு. யார் எத்தனை எழுதினார்கள் என்று அது சொல்லும். நூற்றுக்கு ரிஸ்வானா எண்பத்தொன்று, ஜெபக்கனி பத்தொன்பது, மத்தியானம் வரை முப்பிடாதி பூஜ்யம். இன்றைக்கு நேற்று இல்லை, மூன்று வாரமாகப் பூஜ்யம். முதல் வாரம் மஞ்சள் எச்சரிக்கை அனுப்பினாள், பதில் இல்லை. இரண்டாவது வாரம் ஆரஞ்சு, அதற்கும் இல்லை. இன்றைக்கு மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, சரியாக இரண்டு மணிக்குச் சிவப்பை அமுக்கினாள். ‘உறுதியா?’ என்று கேட்டது. உறுதி. ‘இதைத் திரும்பப் பெற முடியாது.’ முடியாட்டிப் போகட்டும். முப்பிடாதி என்ற பெயர் குழுவிலிருந்து உதிர்ந்தது, அவ்வளவுதான், ஒரு சத்தம்கூட வரவில்லை. அப்போது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வந்ததே, அதைப் பொய் சொல்லக் கூடாது, வந்தது. இருபத்தாறு வருஷத்துக் கடன் ஒன்றை யாரிடமோ தீர்த்த மாதிரி இருந்தது. யாரிடம்? சித்ரலேகாவிடம்தான், வேறு யார். பி.எட். படிக்கும்போது ஆறு பேர் சேர்ந்து ஒரு சார்ட்டும் ரெக்கார்டும் செய்ய வேண்டும். புளியங்கொட்டையும் குன்றிமணியும் வைத்து எண்ணக் கற்றுக்கொடுக்கிற பாடம். விடிய விடிய வெட்டியது கனகலட்சுமி, ஒட்டியது கனகலட்சுமி, விரலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்தது கனகலட்சுமிக்கு. கடைசியில் பிரின்ஸிபால் முன்னால் எழுந்து நின்று பிசிறில்லாமல் பேசிக் கைத்தட்டு வாங்கியது சித்ரலேகா. சும்மா உட்கார்ந்து பெயர் வாங்குகிறவர்களைக் கண்டால் அன்றிலிருந்து அவளுக்கு ஆகாது. உழைக்கிறவள் ரிஸ்வானா, பாவம் பத்தொன்பது வயசுப் பிள்ளை, கடையநல்லூரில் ஒண்டியாக உட்கார்ந்து எண்பத்தொன்று சதவீதம் இழுக்கிறாள், அவளுக்கு நியாயம் செய்தாயிற்று என்று தண்ணீர் குடித்தாள். முதல் நாள் வீடியோவில் முப்பிடாதி சொன்னது மட்டும் அப்போதே லேசாக உறுத்தியது. “எங்கூரு பால்வாடி டீச்சரு வார வருசம் ரிட்டேடு ஆவுதாங்க மிஸ். இந்தப் படிப்பு இருந்தாத்தான் மனுப் போடலாமாம். அதுக்குத்தான் சேந்தேன்.” முப்பத்துநாலு வயசு, இரண்டு பிள்ளைகள், தென்காசிப் பக்கம் ஏதோ ஊர். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம்தான் மறுபடி சேரலாம், அதற்குள் அந்த வேலைக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள். ஆசை இருந்தால் எழுத வேண்டியதுதானே, யார் கையைப் பிடித்தது?

போன் அடித்தது. ரிஸ்வானா. இந்தப் பிள்ளை போனே செய்யாதே. “மிஸ், முப்பிடாதி அக்கா பேரு பக்கத்துல காணோம் மிஸ்.” கனகலட்சுமி நிதானமாக, நல்ல சேதி சொல்கிற குரலில், “ஆமாம்மா, எடுத்தாச்சு” என்றாள். “எடுத்தாச்சுன்னா?” “மூணு வாரமா ஒரு எழுத்து எழுதல. மூணு தடவை எச்சரிக்கை போயிருக்கு. நீ ஒருத்தியா எல்லாத்தையும் சுமந்துக்கிட்டுக் கெடக்க. உனக்காகத்தாம்மா.” அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவுகிற சத்தம் வந்தது, மூன்றரை மணிக்குக் கூவுகிற சேவல். பிறகு ரிஸ்வானா மெதுவாகச் சொன்னாள்: “நான் எங்க மிஸ் எழுதுனேன்? அக்கா சொல்லும், நான் அடிப்பேன். அம்புட்டுத்தான்.” என்னது? “அக்காக்கு ரெண்டு கையும் சும்மா இருக்காது மிஸ். பீடி சுத்திக்கிட்டே இருக்கும். சாயங்காலம் பீடிக்கடை அடைக்குமுன்ன கட்டைக் கொண்டு குடுக்கணும்லா. அதனால வாட்ஸ்அப்புல பேசி அனுப்பும், நான் கேட்டுக் கேட்டு அடிப்பேன், ஜெபக்கனி பிழை பாத்துப் படம் போடும். மொதல்லேந்தே இப்டித்தான் மிஸ்.” எச்சரிக்கை போனதே, மூன்று தடவை மெயில் போனதே, அதற்கு ஏன் பதில் போடவில்லை என்று கனகலட்சுமி கேட்டாள். “அக்காக்கு மெயிலெல்லாம் பாக்கத் தெரியாது மிஸ். அட்மிசனப்ப பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் ஐடி போட்டுக் குடுத்துச்சாம். பாஸ்வேர்டு அவருகிட்டதான் இருக்காம்.” சரி, நீயாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். கேட்ட குரலில் கோபம் இருந்தது, அந்தக் கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. “நீங்க கேக்கலையே மிஸ். சேந்து எழுதுங்கன்னு சொன்னீங்க. சேந்துதான மிஸ் எழுதுனோம்?” ஆமாம், சேர்ந்துதான் எழுதினார்கள்.

அறுபத்திரண்டு குரல் செய்திகள். ரிஸ்வானா ஒன்றொன்றாகத் தள்ளிவிட்டாள், போன் டிங் டிங் என்று நிற்காமல் அடித்துக்கொண்டது. கனகலட்சுமி ஏதோ ஒன்றைத் தொட்டாள். முதலில் சரக், சரக் என்று ஒரு சத்தம். போன்தான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தாள். போன் கெடவில்லை, கத்திரியால் பீடி இலை வெட்டுகிற சத்தம் அது. அதன் மேலே முப்பிடாதியின் குரல், அவசரமே இல்லாத குரல். “ஏ புள்ள, ரெண்டாம் நாளு பல்லாங்குழி எழுது. அஞ்சு வயசுப் புள்ளைக்குப் பதினாலு குழி வேண்டாம், கை எட்டாது, அழும். ஆறு குழி போதும். முத்த எண்ணச் சொல்லாத, அள்ளச் சொல்லு. அள்ளுத கைக்குத் தானா எண்ணம் வந்துரும். கேட்டியா? எழுதிட்டு வாசிச்சுக் காட்டு.” சரக், சரக். அடுத்தது. “போன தடவ வாசிச்சியே, அதுல ‘குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும்’னு போட்டிருந்த. நான் அப்டியா சொன்னேன்? புள்ளைகளோட வெளாடணும்னு சொன்னேன். அத மாத்து.” அடுத்ததில் ஒரு பிள்ளை அழுகிறது, “சோறு சட்டியில இருக்குல, போட்டுத் தின்னு” என்று ஒரு அதட்டல், உடனே பழைய குரல், “ம், எங்க விட்டேன்?” இந்த வாக்கியங்களெல்லாம் கனகலட்சுமிக்குத் தெரியும். ‘அள்ளும் கைக்கு எண்ணிக்கை தானே வரும்’ என்ற வரியை எடுத்து, அபாரம் என்று எழுதி, ரிஸ்வானாவுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறாள் போன திங்கட்கிழமை. நட்சத்திரம் கொடுத்தவள் எவள், சிவப்பை அமுக்கினவள் எவள், இரண்டும் இதே ஆள்காட்டி விரல்தானே. கண்ணிருந்தும் குருடி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் ஆச்சா? அவள் வழிகாட்டுகிற மூன்று குழுவில் அட்டவணையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றின மற்ற இரண்டும் ஆளாளுக்கு ஒரு துண்டை எழுதி ஒட்டுப்போட்ட துணி மாதிரி கொடுத்திருக்கின்றன. இந்த மூன்று பேர்தான் ஒரு வாய், ஒரு கை, ஒரு கண் என்று ஒரே ஆளாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அதில் வாயைத்தான் அவள் வெட்டிவிட்டாள்.

வரதன் சாருக்குப் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தார், மூன்று ஐம்பதுக்கு. சென்னையில் ஏதோ கூட்டத்திலிருந்து வெளியே வந்து பேசுகிறார், பின்னால் லிஃப்ட் மணி கேட்கிறது. இவள் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார், அதுதான் பயமாக இருந்தது, மறுக்கப் போகிறவர்கள்தான் இவ்வளவு பொறுமையாகக் கேட்பார்கள். “மூணாவது போயிடுச்சுன்னா சிஸ்டமே எடுத்துடும் மேடம். திரும்பச் சேர்க்கிறதுக்கு எனக்கே வழி கிடையாது.” “சார், எல்லாமே அந்தப் பொண்ணு சொன்னது சார். குரல் எல்லாம் என்கிட்ட இருக்கு, அறுபத்திரண்டு இருக்கு, இப்பவே அனுப்பறேன்.” “வாட்ஸ்அப்தானே? அது நம்ம தளத்துக்கு வெளியே மேடம். அதைக் கணக்கில எடுக்க முடியாது. உள்ளே டைப் பண்ணினது மட்டும்தான்.” “தப்பு என் மேல சார். நான் எழுதித் தரேன்.” “எழுதிக் குடுங்க, ஃபைல் பண்ணிக்கறேன். ஆனா ரிசல்ட் மாறாது.” இரக்கமாகத்தான் சொன்னார், “நீங்கதானே மேடம் போன மீட்டிங்ல சொன்னீங்க, சும்மா இருக்கிறவங்களை மூணாவது வாரத்துக்கு மேல விடக் கூடாதுன்னு? அதுக்கப்புறம்தான் மூணுன்னு வெச்சோம்.” சொன்னாள். அதையும் அவள்தான் சொன்னாள். அதற்கு முன்னால் ஐந்து எச்சரிக்கை வரை விட்டார்கள். தன் வாயே தனக்கு யமன் என்பார்கள், இங்கே அவள் வாய் அடுத்தவளுக்கு யமனாகப் போயிருக்கிறது. “கனகம்! ஏ கனகம்! தண்ணி போவுது, காதுல விழலையா?” என்று கீழ்வீட்டு மரகதம் அக்கா முற்றத்திலிருந்து கத்தினாள். ஐயோ, மோட்டார். ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள், அணைந்தது. ஜன்னலுக்கு வெளியே தொட்டியிலிருந்து சுவரோடு சுவராக வழிந்த தண்ணீர் மெல்ல மெல்லக் குறைந்து சொட்டாகி நின்றது. அந்த ஸ்விட்சின் மேல் விரலை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். மேலே தள்ளினால் ஓடும், கீழே தள்ளினால் நிற்கும், மறுபடி மேலே தள்ளினால் மறுபடி ஓடும். வீட்டுக்கு மோட்டார் வைக்கிற எலெக்ட்ரீஷியனுக்குத் தெரிந்தது அந்தப் பெரிய படிப்புக்காரர்களுக்குத் தெரியவில்லை பார். ஆனால் எய்தவள் இருக்க அம்பை நொந்து என்ன பிரயோசனம்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி நாலு இருபது. வேண்டாத நேரத்தில் சித்ரலேகா நினைப்பில் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சார்ட் செய்த அன்றைக்கு ஹாஸ்டல் பெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், அந்தக் காலை ஆட்டுகிறதுதான் கனகலட்சுமிக்கு இருபத்தாறு வருஷமாக எரிச்சல். காலை ஆட்டிக்கொண்டு என்ன செய்தாள்? பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள்? இதை இதுவரைக்கும் அவள் தன்னைக் கேட்டதே இல்லை. குன்றிமணி வேண்டாம், பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்ளும், புளியங்கொட்டையே போதும் என்று யாரோ சொன்னார்கள். கொட்டையின் ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கு, கறுப்பு எத்தனை வெள்ளை எத்தனை என்று கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சிமெண்டுத் தரையில் கொட்டையைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி சுட்டது இவளுக்கு, அது நன்றாக நினைவிருக்கிறது. சொன்ன குரல் யாருடையது? இல்லை, நான்தான் நினைத்தேன், எனக்குத்தான் தோன்றியது. தோன்றியதா? அந்தக் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, அதற்கு மேலே இருந்து ஒரு குரல் வந்துகொண்டே இருக்கிறது, கனகலட்சுமிக்குக் குரல் கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை. வேண்டாம், இதை இப்போது கிளற வேண்டாம். கிளறினால் இருபத்தாறு வருஷமும் சேர்ந்து நாறும் போலிருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தாள். பார்த்தால், பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

முதலில் நம்பவில்லை. ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து, நிற்கிறது, காதால் கேட்டுக் கையால் அடிக்கிறவள் நிற்கிற மாதிரி நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ‘கூட்டாஞ்சோறுக்கு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி ஏதாவது கொண்டு வரும். அரிசி, பருப்பு, ஒரு தக்காளி.’ ரிஸ்வானாவா இதை எழுதுகிறாள்? இது ரிஸ்வானாவின் பேச்சு இல்லை. அப்படியானால் அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெயரை எடுத்த பிறகும், குழுவில் இல்லை என்று ரிஸ்வானா சொல்லியிருப்பாளே, அதற்குப் பிறகும், எங்கோ உட்கார்ந்து பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள். ‘ஒரு பிள்ளை வெறுங்கையோடு வரும். கட்டாயம் வரும். அதை நீ என்ன கொண்டு வந்தாய் என்று கேட்கக் கூடாது. அதன் கையில் அகப்பையைக் கொடுத்துக் கிண்டச் சொல்ல வேண்டும். கிண்டின பிள்ளைக்குத்தான் சோறு தன்னுடையது என்று தோன்றும்.’ கனகலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள், பார்க்க யார் இருக்கிறார்கள். முப்பிடாதியின் பெயரை அந்தப் பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் போட்டுவிட்டால் என்ன, ‘இதைச் சொன்னவர்’ என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி. மௌஸ் அம்பைப் பக்கத்துக்குக் கொண்டுபோய் அழுத்தினாள். ‘வழிகாட்டிக்கு எழுத அனுமதி இல்லை’ என்று வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள், அதுவே வந்தது. ரிஸ்வானாவைப் போடச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். குழுவில் இல்லாத பெயர் பக்கத்தில் இருந்தால் வெளியாள் உதவி என்று அந்த இரண்டு பிள்ளைகளின் பாடமும் தள்ளுபடியாகிப் போகும். அந்த விதியை அவளே பிள்ளைகளுக்குப் பத்துத் தடவை படித்துக் காட்டியிருக்கிறாள். போனைக் கீழே வைத்தாள். பட்டை ஏறிக்கொண்டே இருந்தது, ரிஸ்வானா எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று. முப்பிடாதிக்குப் பட்டையே இல்லை, பூஜ்யமாவது மத்தியானம் வரை இருந்தது. ஐந்து அடித்தது. பக்கம் சாம்பல் நிறமாகி இறுகிக்கொண்டது.

ஐந்து பத்துக்கு ஒரு குரல் செய்தி வந்தது, தெரியாத எண்ணிலிருந்து. தொட்டாள். சரக், சரக் சத்தம் இல்லை. கத்திரியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறாள். “மிஸ், நான் முப்பிடாதி பேசுதேன். ரிசுவானா நம்பர் குடுத்துச்சு. அதத் திட்டாதீங்க மிஸ், அது சின்னப் புள்ள. நீங்க அனுப்புனதெல்லாம் நான் பாக்கல. பாத்திருந்தா வந்து கேட்டிருப்பேன். ஆனா ஒண்ணு மிஸ், நீங்க சொன்னது நெசந்தான். நான் ஒரு எழுத்துகூட எழுதல. எழுதணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. சொன்னாப் போதும்னு நெனச்சிட்டேன். என் தப்புத்தான்.” தட்டை நகர்த்துகிற சத்தம். “அந்த பால்வாடி வேலைக்கு வேற ஏதும் வழியிருக்கா மிஸ்? இருந்தா ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னாலும் இல்லன்னு சொல்லிருங்க, நான் கடைக்குப் போவணும்.” கனகலட்சுமி மைக்கை அழுத்திப் பிடித்தாள். என் தப்பு என்று சொல்ல வேண்டும். நீ எழுதினதுதான் எல்லாம் என்று சொல்ல வேண்டும். வழி இல்லை என்றும் சொல்ல வேண்டும், அதுதானே அவள் கேட்டது. முதலில் எதைச் சொல்வது? வழி இல்லை என்று முதலில் சொன்னால் மற்றது எதற்கு? மற்றதை முதலில் சொன்னால், வழி இருக்கிறதாக்கும் என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்துவிடுவாளே, அந்த ஒரு நிமிஷத்தை அவளிடமிருந்து யார் பிடுங்குவது? வாயைத் திறந்தாள், மூடினாள். வியர்த்த விரல் வழுக்கிவிட்டது. போய்விட்டது. பதினெட்டு விநாடி, மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் முப்பிடாதிக்குப் போய்விட்டது. இரண்டு டிக்கும் உடனே நீலமாயிற்று, காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஐயோ, அதைத் திரும்ப எடுக்க வேண்டுமே என்று தடுமாறுவதற்குள் பதில் வந்துவிட்டது. கடைக்குக் கிளம்பிவிட்டாள் போல, பின்னால் ரோடு, ஒரு பஸ்ஸின் ஹாரன். “மிஸ், ஒண்ணும் கேக்கல மிஸ். இன்னொருக்கச் சொல்லுங்க.”